சொல்லுக்குப் பொருள் அதுதான்

1

இதை எழுதச் சொன்னவர் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர். ஜூன் மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். என்னோடு சேர்ந்து எங்கள் பள்ளியில் கிரேக்கப் பாடமும் ஓய்வு பெறுகிறது. அடுத்த ஆண்டுக்கு ஒரு மாணவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. போகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: "நம் மருத்துவச் சொற்களில் கிரேக்கம்."

"எல்லாருக்கும் புரியற மாதிரி இருக்கணும் காசில்டா. கொஞ்சம் சிரிக்கிற மாதிரியும் இருந்தா நல்லது. உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுதானே?"

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "ஸ்பானிய மொழி பேசும் நாம் மருத்துவரிடம் போகும்போதெல்லாம், நமக்கே தெரியாமல் ஏதென்ஸ் நகரத்துத் தெருவில் நடக்கிறோம்." அழித்துவிட்டேன். அந்தத் தெருவுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், நடுவில் விட்டுவிட்டு வந்தவள் நான்.

இரண்டாவது முறை அலங்காரம் எதுவும் இல்லாமல், எங்கள் எழுத்து வரிசைப்படி போனேன். ஆட்டாப்சி: தன் கண்ணால் காண்பது. கிளினிக்: படுக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது. டோஸ்: கொடுத்தது. லுகேமியா: வெள்ளை ரத்தம். வேகமாகத்தான் போனது. பிறகு M எழுத்து வந்தது. மெலங்கோலியா: கறுப்புப் பித்தம். மியோபியா: கண்ணைச் சுருக்குவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் வர வேண்டும். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது முறை அதைக் கதையாக எழுதலாம் என்று பார்த்தேன். "ஓர் ஊரில் லியாந்த்ரா என்றொரு ஆசிரியை இருந்தாள்" என்று தொடங்கினேன். லியாந்த்ராவுக்கு ஒரு கால் சற்று ஊனம். சிறு வயதிலேயே அம்மாவை இழந்தவள். இரண்டாம் பக்கம் போனபோதுதான், அவள் செய்யப்போகும் காரியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கத்தான் இதையெல்லாம் கொடுக்கிறேன் என்று புரிந்தது. லியாந்த்ராவையும் அழித்தேன்.

அது நான்தான். என் கால்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

2

அவர் பெயர் சோய்லோ.

(உயிர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நான் சோடித்ததில்லை. எங்கள் காஸ்தியா பகுதியில் அந்தக் காலத்து அப்பாக்கள், பிள்ளை பிறந்த தேதிக்குக் காலண்டரில் எந்தப் புனிதர் இருக்கிறாரோ அந்தப் பெயரை வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஊரில் பாதிக் கிழவர்கள் தமக்கே தெரியாமல் கிரேக்கப் பெயரோடு திரிகிறார்கள்.)

எழுபத்தொரு வயது. வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பது ஆண்டுகள் ஒரு நீல லாரியும் இரண்டு ஆட்களும் வைத்து, டுவேரோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மனிதர்களைச் சரகோசாவுக்கும் மாட்ரிட்டுக்கும் பில்பாவோவுக்கும் ஏற்றி அனுப்பினார். ஊர் காலியானதில் பாதி அவர் லாரியில்தான் போனது. திரும்பி வரும்போது லாரி எப்போதும் வெறுமையாகவே வரும் என்பார்.

என்னையும் ஒருமுறை மாற்றியிருக்கிறார். மணமுறிவுக்குப் பிறகு கணவரின் வீட்டிலிருந்து இப்போது இருக்கும் மூன்றாம் மாடிக்கு. அன்று பெட்டி பெட்டியாக அகராதிகளைச் சுமந்து ஏறியவர் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"டீச்சர், உள்ள என்ன, ஆட்ட அறுத்து வச்சிருக்கீங்களா?"

நான் அந்த வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்தவள். அந்தப் படிக்கட்டில் நின்று சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும் என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிக்காத ஒருவருக்கு இதைச் செய்திருந்தால் கதை இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

மனைவி பூரா இறந்து ஆறு ஆண்டுகள். ஒரே மகள் சத்தூரியா சரகோசாவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். பள்ளியில் என்னிடம் ஒரு வருடம் கிரேக்கம் படித்துவிட்டு, வினைச்சொற்கள் வந்ததும் ஓடிப்போனவள்.

3

போன ஆண்டுக்கு முந்திய நவம்பர். காலை இடைவேளை. என் வகுப்பறையில் மூன்று நாற்காலிகளுக்குத்தான் வேலை. மாணவர்கள் மூவரும் முற்றத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கதவில் சோய்லோ நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"உள்ள வரலாமா டீச்சர்? கிரேக்கம் இங்கதான விக்கிறீங்க?"

"கடைய மூடப் போறோம் சோய்லோ. சீக்கிரம் வாங்க."

வந்து ஒரு மாணவனின் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. அந்தச் சின்ன மேசைக்கடியில் முழங்கால்களை எப்படிச் சொருகுவது என்று தெரியாமல் சற்று நேரம் தடுமாறினார். பிறகு உள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நேத்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா இருவது நிமிஷம் பேசுனாங்க. நல்ல பொண்ணு, கையப் புடிச்சுக்கிட்டுத்தான் பேசுனா. ஆனா எனக்கு ஒண்ணும் ஏறல. காது அடைச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்து தாளப் பாத்தா அத்தனையும் கிரேக்கம். சரி, நம்ம டீச்சர் இருக்காங்களேன்னு வந்தேன்."

மூன்று வரிதான். ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அக்கா கணவர் போனது அதே வியாதியில்.

ஒரு மனிதப் பிறவி அப்போது என்ன செய்யும்? கதவைச் சாத்திவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கும்.

நான் சாக்பீஸை எடுத்தேன்.

(முப்பத்தோரு ஆண்டுகளில், தானாக நடந்துவந்து என்னிடம் கிரேக்கம் கேட்ட முதல் ஆள் அவர். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. குற்றப்பத்திரிகையின் முதல் வரியாகச் சொல்கிறேன்.)

கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். "பாங்க்ரியாஸ். பான் என்றால் எல்லாம். க்ரேயாஸ் என்றால் சதை. முழுக்கச் சதை."

"அட, கசாப்புக் கடைப் பேரு மாதிரி இருக்கே."

"இது கார்சினோமா. கார்கினோஸ்னா நண்டு."

"நண்டா? கடலே இல்லாத ஊர்ல எனக்கு எங்கேருந்து வந்தது நண்டு?"

இருவரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். கல்லீரலுக்கு வந்தேன். வீட்டில் நாங்கள் கல்லீரலுக்குச் சொல்லும் சொல் அத்திப்பழத்திலிருந்து வந்தது. அத்திப்பழம் ஊட்டி வளர்த்த வாத்தின் ஈரலை ரோமானியர் விரும்பித் தின்றார்கள். தாளில் இருப்பதோ கிரேக்கச் சொல். இதை நான் மிக நன்றாகச் சொல்வேன். அன்றும் நன்றாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வகுப்பில் இப்படிக் கேட்க ஒரு பிள்ளை வாய்த்திருந்தால் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், வாசகரே. இந்தக் கதையில் எழுதக் கடினமான வாக்கியம் இதுதான்.

கடைசியாக அந்தச் சொல்.

"மெத்தாஸ்தசிஸ். ஸ்தாசிஸ்னா நிக்கிறது. மெத்தாஸ்தசிஸ்னா, நின்ன இடத்த விட்டுப் பேர்றது. இடம் மாறிப் போறது. அந்தக் கால நாடகத்துல பாட்டுக் கோஷ்டி நடுவுல மேடைய விட்டு வெளிய போகும். அதுக்கும் இதே சொல்லுதான்."

சோய்லோ கரும்பலகையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ, போயிடுச்சா டீச்சர்?"

4

முதல் பிரதியில் இந்த இடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் சத்தத்தோடு உள்ளே நுழைந்தார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தேன்.

மணி அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

இரண்டாம் பிரதியில் நான் சொன்னேன்: "இல்லை சோய்லோ. போகவில்லை. பரவியிருக்கிறது." அவர் அழுதார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், டிசம்பரில் அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். அழகான பக்கங்கள். கிழிக்க மனமே வரவில்லை.

நடந்தது இது. அவர் கேட்டார். அவர் முகத்தில், எப்படிச் சொல்வது, அந்தப் பெரிய முகம் மேல்நோக்கித் திரும்பி

(சரியாக வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

நான் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினேன். "சொல்லுக்குப் பொருள் அதுதான்" என்றேன்.

ஒவ்வோர் எழுத்தும் சரி. எந்த அகராதியும் என் பக்கம் நிற்கும். நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே ஒரு மனிதரை ஏமாற்ற எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

சோய்லோ தாளை மடித்தார். முழங்கால்களை மேசைக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க இத்தன வருஷம் படிச்சது வீண் போகல டீச்சர்."

அன்று மாலை வீட்டுப் படி ஏறும்போதுதான் நினைவு வந்தது: வெளியே போன பாட்டுக் கோஷ்டி சற்று நேரத்தில் திரும்பி வரும். அதற்கும் தனியாக ஒரு சொல் உண்டு. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் ஃபாகுந்தோவின் மதுக்கடையில் கூடுவோம். நான் உள்ளே நுழைந்தபோது சோய்லோ நடுவில் நின்றிருந்தார். எல்லாருக்கும் வெர்முத் மதுவும் வறுத்த பன்றித்தோலும் அவர் செலவு.

"போயிடுச்சாம்ப்பா! டீச்சர் கரும்பலகையில எழுதியே காமிச்சாங்க."

"எங்க போச்சாம்?" என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஃபாகுந்தோ கேட்டார்.

"விலாசம் குடுத்துட்டா போகும்? நம்ம லாரியக் கூப்பிடாம போயிடுச்சு, அதான் வருத்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாகுந்தோ என் பக்கம் திரும்பினார். "அப்படியா டீச்சர்?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. சோய்லோவும் பார்த்தார். நான் கிளாஸை உயர்த்தினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாஸை உயர்த்தினேன், அவ்வளவுதான்.

டிசம்பர் மூன்றாம் தேதி மருத்துவமனையில் அவருக்கு நேரம் குறித்திருந்தார்கள். போகவில்லை. அந்த மருத்துவர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாராம். "எங்க டீச்சர் சொல்லிட்டாங்க, அது போயிடுச்சு, நீங்க வேற யாரையாவது பாருங்க பாவம்" என்று சோய்லோ மரியாதையாகச் சொல்லிவிட்டாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

சத்தூரியாவோடு ஞாயிறுதோறும் பேசுவார். கிறிஸ்துமஸுக்கு அவள் லீவு போட்டு வருவதாக இருந்தாள். "எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல. பண்டிகை ஷிஃப்ட்ட விடாத" என்று தடுத்துவிட்டார். பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் ஃபாகுந்தோ கடையில், காலி அனீஸ் சாராய பாட்டிலின் முள்ளு முள்ளான பக்கத்தில் கரண்டியை உரசித் தாளம் போட்டுப் பாடினார். அவர் போட்டிருந்த கோட்டுக்குள் இன்னொரு ஆள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஃபாகுந்தோ தன் தொலைபேசியை அவர் வாயருகே பிடித்தார், மறுமுனையில் மகள் கேட்கட்டும் என்று.

நான் கதவோரத்தில் நின்று கைதட்டினேன்.

6

(கட்டுரைக்காக எழுதி வைத்த பத்தி. வீணாக வேண்டாம் என்று இங்கே போடுகிறேன்.)

மஞ்சள் காமாலைக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்லும் கிரேக்கம்தான். அதே பெயரில் ஒரு மஞ்சள் பறவையும் உண்டு. நோயாளி அந்தப் பறவையை உற்றுப் பார்த்தால் நோய் அவரை விட்டுப் பறவைக்குப் போய்விடும், பறவை செத்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். சுவையான செய்தி.

ஜனவரி முதல் வாரம் ரொட்டிக் கடை வரிசையில் சோய்லோ எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பி "நல்ல குளிரு" என்றார். அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. எனக்கு உடனே அந்தப் பறவைதான் நினைவு வந்தது. இப்படிப்பட்டவள் நான். தீப்பிடித்த வீட்டைப் பார்த்தால் தீ என்ற சொல்லின் வேர் நினைவு வரும்.

7

ஆனாலும் ஒருமுறை அவரிடம் சொல்லிவிடப் போனேன். அதை எழுதாமல் விட்டால் எனக்கு நானே அநியாயம் செய்வதாகும்.

ஜனவரி கடைசி ஞாயிறு, மதியம். ஆற்றங்கரை நாணல்களில் பனி இறுகிக் கிடந்தது. லாரியை விற்றபின், அது நின்ற கொட்டகை சாமான் அறையாகிவிட்டது. சோய்லோ உள்ளே தனியாக இருந்தார். சாமான்களைச் சுற்றும் கம்பளிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கம்பளி மடிப்பார், சற்று உட்காருவார், அடுத்ததை எடுப்பார்.

"வாங்க டீச்சர். நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த ஓரத்தப் புடிங்க."

பூராவின் அலமாரி அது. வாதுமை மரம்.

"சோய்லோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல புடிங்க. முழங்கால மடக்குங்க, முதுக மடக்காதீங்க. இடுப்பு போயிடும்."

தூக்கினோம். நான்கு எட்டு வைத்திருப்போம். அவர் இறக்கச் சொன்னார். அலமாரியின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய துளைகளைப் பார்த்தேன், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு.

"இது சத்தூரியாவுக்கு" என்றார், மூச்சு திரும்பியதும். "அவ வீட்டு வாசல் எம்பது சென்டிமீட்டர். இது எழுவத்தெட்டு. அளந்துட்டேன்."

"அன்னிக்கு வகுப்புல, அந்தச் சொல்லப் பத்தி நான் சொன்னது"

அவர் கையை உயர்த்தினார். அதட்டலாக இல்லை. சாலையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது போதும் என்று காட்டுவார்களே, அப்படி.

"டீச்சர், நாப்பது வருஷம் நான் வீடு மாத்தின ஆளு. ஒரு வீட்டுலேருந்து ஒரு சாமான் வெளிய போச்சுன்னா அது

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அவர் முடித்தார். நான் கேட்டேன். ஏன் எழுதவில்லை என்பது ஒன்பதாம் பகுதியில் தெரியும்.]

அதன் பிறகு அலமாரியைக் கதவு வரை நகர்த்தினோம். ஆறு முறை நின்றோம். அவர் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "சறுக்கும், பாத்துப் போங்க டீச்சர்" என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் நான் லேசாக இருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விடுதலையான லேசு. இதுவும் குற்றப்பத்திரிகையில் சேரட்டும்.

8

பிப்ரவரி இறுதியில் பக்கத்து வீட்டுக்காரி அவரைச் சமையலறைத் தரையில் கண்டாள். சத்தூரியா அன்று மாலையே வந்தாள். அவளுக்கு ஒன்பது நாள் கிடைத்தது. அதில் ஏழு நாள் அவர் மருந்து மயக்கத்தில் தூங்கினார்.

மார்ச் ஒன்பதாம் தேதி. மருத்துவமனைத் தாளில் இறப்பைக் குறிக்க எழுதும் சொல் லத்தீன், என் பாடம் இல்லை. 'வெளியேறினார்' என்று பொருள். எங்கள் பேச்சு மொழியில் அதோடு ஒட்டிப் பிறந்த சொல்லுக்கு 'வெற்றி' என்று பொருள். இதையும் யாராவது வந்து என்னிடம் கேட்டிருந்தால்

9

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை சத்தூரியா என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. காப்பி வைத்தேன், தொடவில்லை.

"ஆஸ்பத்திரியில அந்த டாக்டரப் பாத்தேன்" என்றாள். "சிகிச்சைக்கு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன். நாலு மாசம் கூடக் கிடைச்சிருக்கலாம், ஒண்ணுமே கிடைக்காமயும் போயிருக்கலாம்னாங்க. அத விடுங்க. நான் அதுக்கு வரல."

"சொல்லு."

"அப்பா நவம்பர்ல ஃபோன்ல சொன்னாரு. போயிடுச்சும்மா, டீச்சரே சொல்லிட்டாங்கன்னு. நானும் நம்பினேன். உங்க கிளாஸ்ல ஒரு வருஷம் உக்காந்தவ நான், எனக்கே தோணல. எனக்கு அப்படி இருக்கணும்னு ஆசை. அதான்."

அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இப்போ வீட்டக் காலி பண்றப்போ யோசிச்சேன். அவரு வீடு மாத்தின ஆளு டீச்சர். சாமான் இங்கேருந்து போறதுன்னா என்னன்னு அவருக்கா தெரியாது? மூஸ் சீட்டு ஆடறப்போ கையில ஒண்ணுமே இல்லாம மாகாணக் கோப்பைய ஜெயிச்சிட்டு வந்தவரு. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா என்ன, தெரியலேன்னா என்ன சத்தூரியா?"

அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"என்னவா? தெரிஞ்சிருந்தா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்கிட்ட நடிச்சிருக்காரு! வராதேன்னு என்னத் தள்ளி வச்சிருக்காரு. சாகப்போறோம்னு தெரிஞ்சும் என்னக் கூப்பிடல. கிறிஸ்துமஸுக்கு மொத நாள் நான் பம்பருக்கு ஸ்க்ரூ மாட்டிக்கிட்டு, ஃபோன்ல அவரு பாடறதக் கேட்டுச் சிரிச்சிட்டு இருந்தேன். அத நெனச்சா எனக்கு..."

கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது. மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் வழியில், கொட்டகையில் கேட்ட வாக்கியத்தை முழுசாகச் சொல்கிறேன். அவருக்குத் தெரியாது என்று அது காட்டினால் அவள் நிம்மதியாகப் போகிறாள். தெரியும் என்று காட்டினால் நான் நிரபராதியாகிறேன். அவள் தன் அப்பாவால் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மகளாக மீதி ஆயுளைக் கழிக்கிறாள். (எனக்குத் தெரியாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்றால் என் குற்றம் குறையும் என்று சிலர் சொல்லலாம். நான் அன்று சாக்பீஸ் தூளைத் தட்டியபோது அது எனக்குத் தெரியாதே, குற்றம் அப்படியே நிற்கிறது.)

இரண்டாவது வழியில், "எனக்கு எப்படித் தெரியும்மா" என்கிறேன். அந்த மூன்றாம் மாடியில் அப்போது என் வாயில் வந்து நின்றது இந்த வாக்கியம்தான். சொல்லுக்குப் பொருள் அதுதான் என்ற வாக்கியத்தின் உடன்பிறப்பு. கையில் கறை படியாது.

மூன்றாவது, நடந்தது.

"அவருக்குத் தெரியாது" என்றேன். "அவர் வந்து போயிடுச்சான்னு கேட்டார். எனக்கு உண்மை தெரியும். தாளப் பாத்ததுமே தெரியும். நான் ஆமான்னு சொன்னேன். அவர் நம்பினார்."

"ஆமான்னே சொன்னீங்களா?"

"ஆமான்னுதான் சொன்னேன்."

"கடைசி வரைக்கும் நம்பினாரா?"

"ஜனவரியில அவரப் பாக்கப் போனேன். வசந்தம் வந்ததும் அந்த அலமாரியத் தானே கொண்டுவந்து உன் வீட்டுல எறக்கணும்னு சொன்னார்."

(இதை அவர் சொல்லவில்லை. அந்த நொடியில் நான் இட்டுக்கட்டியது. என் வாழ்நாளில் அதுவரை நான் புனைந்த ஒரே கதை இதுதான்.)

சத்தூரியா அப்போது அழுதாள். சத்தமாக, வாயைத் திறந்துகொண்டு. மார்ச்சிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது போல. நான் எழுந்து அவள் அருகே போனேன். அவள் கையால் தடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள்.

"அப்போ நீதான்" என்றாள்.

நீ. முப்பத்தோரு ஆண்டுகளில் எந்த மாணவியும் என்னை அப்படி அழைத்ததில்லை.

"ஆமா. நான்தான்."

"இவ்வளவு படிச்சு என்ன பண்ணின, காசில்டா?"

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கீழே இறங்கும் வரை நின்றிருந்தேன். காப்பியைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன். மறுவாரம் ஃபாகுந்தோ எனக்கு வெர்முத் ஊற்றியபோது பேச்சுக் கொடுக்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது நான் வாரச்சந்தைக்குப் போனால் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விடுகிறார்கள்.

10

தலைமை ஆசிரியருக்கு இரண்டு பக்கம் கொடுத்தாகிவிட்டது. மெலங்கோலியாவிலிருந்து நேராக மியோபியாவுக்குப் போகிறது. "அருமையா இருக்கு, அந்த அத்திப்பழ விஷயம் எனக்கே தெரியாது" என்றார்.

இது வேறு. இதை யாரும் கேட்கவில்லை.

முடிவு எங்கே என்று வாசகர் கேட்கலாம். ஏழாம் பகுதியில் பாதியில் நிற்கும் அந்த வாக்கியம்தான் முடிவு. அதை முடிக்க இரண்டு வழிதான் இருக்கிறது. 'வெளிய போச்சுன்னா அது போனதுதான், திரும்ப வராது' என்று ஒரு லாரிக்காரர் சொல்லலாம். 'வெளிய போச்சுன்னா அது வேற ஒரு வீட்டுக்குள்ள நொழைஞ்சிருக்கும்' என்றும் அதே லாரிக்காரர் சொல்லலாம். நீங்கள் அவரோடு கொஞ்சம் பழகிவிட்டீர்கள். உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், குறிப்பாகச் சரகோசாவில் யாரிடமும்.

அச்சில் வந்தால் அது எங்கேயும் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் எதற்காக எழுதினாய் என்று கேட்பீர்கள். இதற்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன், மூன்றும் நன்றாக இருந்தன, அதனாலேயே மூன்றையும் அடித்துவிட்டேன்.

சத்தூரியா, எப்படியாவது இது உன் கைக்கு வந்துவிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வை. இது கதை. கதை எழுதுகிறவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திப் படிக்கிறவர்களைச் சீண்டுவார்கள். அது ஒரு பழக்கம், அதற்கு மேல் அதில் எதுவுமில்லை. அந்தக் கொட்டகையில் நிற்கிற மனிதரை நான் உண்டாக்கினேன். உன் அப்பா வேறு. உன் அப்பா நான் சொன்னதை நம்பினார்.